கெல்திபை பட்டியில் எடுத்த மண்

கம்ஷத்தைக் கோபமில்லாமல் பார்த்தவர்கள் தாஸ்கொல் ஊரில் யாரும் கிடையாது. சிரிக்கும்போதுகூட யார் மேலாவது கோபத்தில்தான் சிரிப்பாள். டீசலில் தண்ணீர் கலக்கிறவன் மேல் கோபம். மழை வரும் என்று சொல்லிவிட்டு வராமல் செய்கிற வானொலிக்காரன் மேல் கோபம். எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம் கலப்பை மேல்.

அது சும்மா வந்த கோபம் இல்லை. பத்தொன்பது வயதில் அரசுப் பண்ணையில் சங்கிலிச் சக்கர டிராக்டர் ஓட்டப் பழகியவள் அவள். அடிவானம் வரைக்கும் ஒரே கோட்டில் உழுதுவிட்டு, திரும்பி வர அரை நாள் எடுத்துக்கொண்டவள். பண்ணை கலைந்ததும் ஆறு வீட்டுக்காரர்கள் தங்கள் பங்கு நிலங்களைச் சேர்த்து ஒரு கூட்டுப் பண்ணை வைத்தார்கள். அதற்குத் தலைவர் அவள் கணவன் மெய்ராமின் அண்ணன் சபர்கலி. மெய்ராமின் பங்குக்கு வந்தது கிழக்குச் சரிவு. ஊரிலேயே கேடுகெட்ட நிலம் அதுதான். மே மாதக் காற்று அடித்தால் மேல்மண் எழுந்து ஏரியில் போய் விழும். ஒரு வருஷம் விதைத்த கோதுமை முழுவதும் வெளியே வந்து, வெயிலில் காயப்போட்டது போல வெறும் தரையில் கிடந்தது. வீட்டுக்குள் இருந்து மட்டும் நாலு வாளி மண்ணை வாரிக் கொட்டினாள் கம்ஷத். தேநீர்க் கிண்ணத்தின் அடியிலும் மண்.

"இது நம்ம வயல்டா. நம்ம வயலை நாமளே குடிச்சுக்கிட்டு இருக்கோம்" என்று மெய்ராமிடம் கத்தினாள். அடுத்த குளிர்காலத்தில் மெய்ராம் மாரடைப்பில் போனான். அவன் மேலும் அவளுக்குக் கோபம்தான். சொல்லாமல் போய்விட்டான் என்று.

அப்புறம்தான் அவள் கலப்பையைக் கொட்டகையில் போட்டுப் பூட்டினாள். அறுத்த கோதுமையின் தாளை அப்படியே நிற்கவிட்டு, அதற்கு நடுவில் மண்ணைக் கீறி விதை போடும் இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கினாள். ஊர் சிரித்தது.

"கம்ஷத் வயலைப் பாத்தியா? சவரம் பண்ணாத குடிகாரன் மூஞ்சி மாதிரி இருக்கு!"

"உன் மூஞ்சியைவிட அது பரவாயில்லை, போடா" என்றாள் கம்ஷத்.

தாள் நின்றதால் பனி அங்கேயே தங்கியது. பனி தங்கியதால் கோடையிலும் ஈரம் இருந்தது. வேரும் வைக்கோலும் மண்ணுக்குள்ளேயே மக்கின. வெளுத்துக் கிடந்த சரிவு வருஷத்துக்கு வருஷம் கறுத்தது. களை மட்டும் அவளைப் பாடாய்ப் படுத்தியது. அதன் மேலும் கோபப்பட்டாள், மருந்தும் அடித்தாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், நகரத்திலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. காற்றில் இருக்கிற கரியைப் பயிர் இழுக்கிறது, உழாத மண் அதை உள்ளே பூட்டி வைக்கிறது, உழுதால் அது கண்ணுக்குத் தெரியாத புகையாகத் திரும்பப் போய்விடுகிறது என்றார்கள். இன்றைக்கு மண்ணை எடுத்து அளப்பார்களாம். எட்டு வருஷம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் அளப்பார்களாம். கரி கூடியிருந்தால் பண்ணைக்குப் பணம் உண்டு. சபர்கலி யோசித்தார்.

"சரி. எட்டு வருஷம் சரிவை உழ வேணாம். கூடலைன்னா அந்த வருஷமே கலப்பையை இறக்கிருவேன். அப்ப எவளும் என் முன்னால வந்து கத்தக் கூடாது."

அவர் 'எவளும்' என்றது யாரை என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த எட்டு வருஷம் இந்தச் செப்டம்பரில் முடிந்தது. கோதுமை அறுத்த மறுவாரம், பண்ணை அலுவலகத்தில் ஆறு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நிறுவனத்திலிருந்து வந்த ஜனார் என்ற பெண் அறிக்கையை விரித்துப் படித்தாள்.

"கரி கூடல. எட்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்த அளவேதான் இப்பவும் இருக்கு."

"அவ்வளவுதான்" என்று சபர்கலி நரித்தோல் தொப்பியைத் தலையில் சரிசெய்துகொண்டு எழுந்தார். "திங்கட்கிழமை உழவு."

கம்ஷத் மேஜையை அறைந்தாள். "ஏம்மா, உங்க கருவிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? வந்து ஒரு தடவை அந்த மண்ணைக் கையில எடுத்துப் பாத்தியா நீ?"

"பாத்தேங்கா. நாலு குழியும் நானே தோண்டினேன். முன்னாடி எடுத்த அதே நாலு இடம். இந்தாங்க படம்."

ஜனார் படத்தைத் திருப்பி வைத்தாள். நாலு சிவப்புப் புள்ளிகள், நாலும் சரிவின் அடிவாரத்தில், பள்ளத்தை ஒட்டி ஒரே இடத்தில் குவிந்திருந்தன. கம்ஷத்துக்கு வாயில் வந்த வசவு வாயிலேயே நின்றுவிட்டது.

அந்த இடத்துக்கு, எட்டு வருஷத்துக்கு முன்னால் மண் எடுக்க வந்தவனைக் கூட்டிப் போனவளே அவள்தான். அக்டோபர் மழை. சரிவெல்லாம் முழங்கால் அளவு சேறு. கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள், நகரத்துச் செருப்பு. வந்த விருந்தாளியைச் சேற்றில் விட்டால் அந்த வீட்டை ஊர் என்ன சொல்லும்? அது மட்டுமா? விருந்தாளிக்கு மரியாதையாக ஆட்டின் தலையையே எடுத்து வைக்கிற ஜனம், மண் பார்க்க வந்தவனுக்கு மட்டும் சொத்தை மண்ணையா காட்டும்? உள்ளதிலேயே நல்ல மண்ணைக் காட்டினாள். சரிவின் காலடியில் அவள் மாமனாரின் பழைய ஆட்டுப்பட்டி இருந்த இடம். முப்பது வருஷம் ஆடு அடைந்து எருவிலேயே ஊறிய தரை. அரசுப் பண்ணைக் காலத்தில் சுவரை இடித்துச் சமன் செய்து வயலோடு சேர்த்துவிட்டார்கள். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. அவன் "அருமையான மண்ணுங்க" என்று சொன்னபோது அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாலு குழியையும் அங்கேயே போட்டுவிட்டு, வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போனான்.

ஏற்கெனவே வயிறு நிறைந்தவனுக்கு மேலும் என்ன ஊட்டுவது? அந்தத் தரையில் எட்டு வருஷம் இல்லை, எண்பது வருஷம் ஆனாலும் கரி கூடாது.

சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை கலப்பை.

"அது சரிவு மண்ணே இல்லை" என்றாள் கம்ஷத். "நான்தான் அவனை அங்க கூட்டிட்டுப் போனேன். அது பழைய பட்டி."

"எந்தப் பட்டிங்கா?" என்று ஜனார் பேனாவை எடுத்தாள்.

"பெரிய வீட்டுக்காரரோட பட்டி."

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். புகுந்த வீட்டு மூத்த ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளில் அவளே ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டாள். மாமனார் 'பெரிய வீட்டுக்காரர்'. சபர்கலி 'தொப்பி அத்தான்'. முப்பத்துநாலு வருஷமாக அப்படித்தான்.

"எந்தப் பெரிய வீட்டுக்காரர்?" என்று ஜனார் கேட்டாள். "பழைய வரைபடத்துல பட்டி ஏழு இருக்கு. எல்லாத்துக்கும் ஆள் பேருதான் போட்டிருக்கு."

கம்ஷத் சபர்கலியைப் பார்த்தாள். அவர் சொல்லியிருக்கலாம், அவருடைய அப்பா பெயர்தான். அவரோ மீசையைத் தடவிக்கொண்டே, "பெரிய வீடு நம்ம ஊர்ல நிறைய இருக்கேம்மா" என்றார்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கெல்திபை!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "கெல்திபையோட பட்டி! எழுதிக்க! கெல்திபை ஆடு போட்ட புழுக்கையைத்தான் நீங்க ரெண்டு தடவை அளந்திருக்கீங்க!"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜனார் எழுதிக்கொண்டாள். அப்புறம் பேனாவை மூடினாள். "அக்கா, நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா இடத்தை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆரம்பத்துல சரிவு மண்ணுல எவ்வளவு இருந்துச்சுன்னு யாரும் அளக்கலையே. ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு."

"போகட்டும்! உங்க பணம் யாருக்கு வேணும்?"

வேணும் என்ற முகத்தோடு ஐந்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கம்ஷத் மூலையில் இருந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். அவள் வண்டி சத்தம் தேய்ந்து, அரை மணி கழித்துத் திரும்ப வந்தது. இரண்டு கையிலும் இரண்டு மண்கட்டி. ஒன்று சரிவின் உச்சியில் எடுத்தது. இன்னொன்று வரப்புக்கு அந்தப் பக்கம், சபர்கலி வருஷா வருஷம் உழுகிற நிலத்தில் எடுத்தது. மேஜையில் இருந்த இரண்டு தேநீர்க் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி, கிண்ணத்துக்கு ஒன்றாகப் போட்டாள்.

சபர்கலி நிலத்து மண்கட்டி குமிழி விட்டது, சரிந்தது, தேநீர் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் கூழாகிவிட்டது. சரிவின் கட்டி கறுப்பாக அப்படியே உட்கார்ந்திருந்தது. மேலே தண்ணீர் தெளிவாக நின்றது.

"உங்களோடது மழை வந்தா ஏரிக்குப் போகும், காத்து வந்தா என் வீட்டுக்கு வரும்" என்றாள். சரிவின் கட்டியைக் காட்டி, "இதையா உழப் போறீங்க?"

சபர்கலி கிண்ணத்தையே பார்த்தார். விரலை விட்டுக் கட்டியை அழுத்திப் பார்த்தார். கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது ஐந்து வீடும் உழவுக்குத்தான் தூக்கியது. பணம் வராது என்றான பிறகு, தாளும் களையும் யாருக்கு வேணும்?

"அப்ப என் பங்கைப் பிரிச்சுக் குடுங்க" என்றாள் கம்ஷத்.

சபர்கலி கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "அப்பா பேரைச் சொன்னவளுக்கு அப்பா பட்டியையே தர்றேன். நல்ல மண்ணு. எடுத்துக்க."

"அந்த மண்ணு ஆடு பண்ணினது. நான் பண்ணின மண்ணு மேல இருக்கு. பட்டியை நீங்களே வெச்சுக்கங்க, சரிவைக் குடுங்க."

கொடுத்தார். அடிவாரம் முழுவதும் பண்ணைக்கு, மேலே நாற்பது ஹெக்டேர் அவளுக்கு. விதைப்பு இயந்திரத்துக்கு டீசல், களைக்கு மருந்து எல்லாம் இனி அவள் தனியாக. கையெழுத்துப் போடும்போதும் யாரையோ திட்டிக்கொண்டேதான் போட்டாள்.

திங்கட்கிழமை உழவு நடந்தது. டிராக்டரில் சபர்கலியே உட்கார்ந்திருந்தார். கெல்திபையின் பட்டி புரண்டு, கறுப்பாக ஆவி விட்டது. பார்க்கச் சகிக்கவில்லை என்றாலும் கம்ஷத் எல்லைக் குச்சி பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றாள். கடைசிச் சால் வளைந்தது. மூன்று முழம் அவள் தாளுக்குள் வந்துவிட்டது.

"தொப்பி அத்தான்! உள்ள வந்துட்டீங்க! தூக்குங்க அதை!"

அவர் கலப்பையைத் தூக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "தொப்பி என்ன தொப்பி? அப்பா பேரையே கத்தியாச்சு. என் பேரையும் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே?"

"உங்க பேரைச் சொல்ற அளவுக்கு நீங்க இன்னும் தப்பு பண்ணலை" என்றாள் கம்ஷத். "இன்னொரு முழம் வாங்க, சொல்றேன்."

அவர் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே போனார். அவள் புரண்டு கிடந்த மூன்று முழ மண்ணையும் காலாலேயே திருப்பித் தள்ளி, மேலே வைக்கோலைப் போட்டு மிதித்தாள். திட்டிக்கொண்டே மிதித்தாள்.