என் மனைவியின் இரண்டு தாள்கள்

டாக்டரின் மேசையில் அருகருகே கிடந்த இரண்டு தாள்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. இரண்டின் தலைப்பிலும் என் மனைவியின் பெயர். ஒன்றில் என் கையெழுத்து, மற்றதில் நர்ஸின் கையெழுத்து.

எழுபதுகளின் நடுவில் உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் நான் கம்பவுண்டர். தோட்டத்து ஜனங்களில் எத்தனை பேருக்கு மூச்சிழுப்பு இருக்கிறது என்று அறிய ஒரு டாக்டர் வந்திருந்தார். ஊசியில்லை, மருந்தில்லை; அச்சடித்த கேள்விகள் மட்டும். எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது என்பது உத்தரவு. ஜனங்கள் குடியிருந்த லயங்களை எனக்கும் புதிதாக வந்திருந்த நர்ஸுக்கும் பிரித்துக் கொடுத்தார்.

முதல் வாரமே எனக்கு வயிறு எரிந்தது. நான் போன வீடுகளில் எல்லாம் 'இல்லை'. அவள் போன இடத்தில் வீட்டுக்கு வீடு 'உண்டு'. பத்து வருடமாக இந்த ஜனங்களுக்கு மருந்து கலக்கிக் கொடுத்தவன் நான். நேற்று வந்தவளிடம் வாயைத் திறக்கிறார்கள். அவள் தாள்களை வாங்கும்போது மட்டும் டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வார். அதைக்கூடக் கவனித்து வைத்திருந்தேன். ஒருநாள் சொல்லியே விட்டேன்.

"அந்தம்மா பதிலச் சொல்லிக் குடுத்து வாங்குது சார்."

டாக்டர் மலையாளம் கலந்த தமிழில், "சரி, நீ கேட்ட பத்து வீட்டுல அவளும் கேட்டு நோக்கட்டும்" என்றார். அந்தப் பத்தில் என் வீடும் இருந்தது.

விடியற்காலையில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்வதுண்டா என்ற கேள்விக்கு என் தாளில் 'இல்லை'. நர்ஸின் தாளில் 'உண்டு'. என் தாளை நான் வீட்டுக்குப் போகாமலே, டிஸ்பென்சரியில் உட்கார்ந்து நிரப்பியிருந்தேன். என் மனைவியைப் பற்றி எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் அவள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து திரும்பியதும் கேட்டேன்.

"எங்கிட்டச் சொல்லாதத அவகிட்டச் சொல்லியிருக்கியே?"

"அவுக கேட்டாக. கேட்டுட்டு, நான் சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தாக" என்றாள். "வெளிய தெரிஞ்சா ஸ்டோர் வேலையில இருந்து நிப்பாட்டிருவாகளோன்னு பயம் வேற."

விடியுமுன் அவள் எழுந்து அடுப்படிக்குப் போவது காப்பி போடத்தான் என்று எட்டு வருடம் நினைத்திருந்தேன்.

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். என் தாள்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, அந்த வீடுகளுக்கெல்லாம் நர்ஸையே அனுப்பினார். என் மனைவியைப் புகையும் தூசியுமான ஸ்டோரிலிருந்து காய் எடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இழுப்பு குறைந்தது. அதற்கும் அந்த நர்ஸுக்குத்தான் நன்றி சொன்னாள்.

நர்ஸ் போடிக்குப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போது நானும் தினமும் காலையில் கேட்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்தே கேட்கிறேன். "பரவால்ல" என்பாள். ஞாயிற்றுக்கிழமை போடியிலிருந்து போன் வந்ததும் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவாள். "நேத்தெல்லாம் ரொம்ப இழுத்துச்சுக்கா" என்று அவள் சொல்வது உள்ளே இருக்கும் என் காதில் விழும்.