பால் தம்ளரும் குளுக்கோஸ் பாட்டிலும்

நேற்று விழுப்புரத்தில் தனலட்சுமி அக்கா வீட்டுக்குப் போனேன். நுழைந்ததும் கண்ணில் பட்டது ஜன்னலோரம் தொங்கிய மணி பிளாண்ட். அது வளர்ந்திருந்தது ஒரு பழைய கண்ணாடி குளுக்கோஸ் பாட்டிலில்.

“இத்த இன்னுமா வச்சிக்கினு இருக்க?” என்றேன்.

“ஒடைஞ்சாத்தானே தூக்கிப் போட?” என்றாள் அக்கா.

இப்போது குளுக்கோஸ் பிளாஸ்டிக்கில் வருகிறது. நான் திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த காலத்தில் எல்லாம் கண்ணாடிதான். கை தவறி உடைத்தால் டாக்டரம்மா முறைப்பார். நானும் மனசுக்குள் திருப்பி முறைப்பேன். எனக்கு அப்போதே மூக்குக்கு மேலே கோபம்.

மார்கழி வந்தால் அந்த ஆஸ்பத்திரி முழுக்க நீலகிரித் தைல வாசனை அடிக்கும். அப்படியொரு மார்கழிக் காலையில்தான் அக்காவின் அப்பாவை வேனில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது எழுந்துபோய் மோட்டார் போட்டு வேர்க்கடலைக்கு, எங்கள் பேச்சில் மல்லாட்டைக்கு, தண்ணீர் கட்டுகிறவர். அன்றைக்கு வாய்க்காலில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல், வெறும் வேட்டியோடு அந்தத் தண்ணீரிலேயே கிடந்திருக்கிறார். ஆட்கள் கண்டெடுத்தபோது பேச்சு குழறியதாம். வேனில் வரும்போது அதுவும் நின்றுவிட்டது.

தொட்டால் ஜில்லென்றிருந்தது. அந்த வயதில் உடம்புக்கு நடுங்கக்கூடத் தெம்பில்லை. நாடி கைக்கு அகப்படவில்லை. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தேன். பாதரசம் அடிக்கோட்டைவிட்டு ஏறவே இல்லை. கெட்டுப்போச்சோ என்று உதறி உதறி, இன்னொன்றையும் வைத்துப் பார்த்த என் புத்தியை என்னவென்று சொல்ல! இந்த வெயில் ஊரில் பிறந்தவளுக்கு, குளிர் ஆளைக் கொல்லும் என்று எங்கே தோன்றும்?

அக்காவின் தாய்மாமன் இன்னும் மோசம். அதற்குள் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, கண்டமங்கலம் சொந்தத்துக்கெல்லாம் தகவல் சொல்லிவிட்டு வந்திருந்தார். கையில் பால் தம்ளர். போகிற உயிருக்குப் பால் ஊற்றி வழியனுப்புவது எங்கள் வழக்கம்.

“ஒங்கப்பா இழுத்துக்கினு கெடக்குறாரு. ஜல்தி ஊத்தும்மா” என்று அக்காவிடம் நீட்டினார். அவள் அழுதுகொண்டே தம்ளரை அப்பாவின் வாயருகே கொண்டுபோய்விட்டாள்.

நெஞ்சில் ஸ்டெத்தை வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா கத்தினார். “நிறுத்துங்க! மெதுவா துடிக்குது. ஒடம்பு சூடாவுற வரைக்கும் யாரும் முடிவு கட்டக்கூடாது.”

நான் தம்ளரைப் பிடுங்கினேன். “மயக்கத்துல கெடக்குறவரு வாயில ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயிடும். நீங்களே கொன்னுடுவீங்க!”

ஈர வேட்டியை உருவிவிட்டுக் கம்பளியைச் சுற்றினோம். காலி குளுக்கோஸ் பாட்டில்களில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, துண்டில் பொதிந்து, அக்குளிலும் விலாவிலும் அணைத்து வைத்தோம். கைகாலைத் தேய்க்க வந்தவர்களை, “அவரு இதயம் தாங்காது” என்று டாக்டரம்மா விரட்டினார். ஆறிய பாட்டிலோடு அக்கா அடுப்புக்கும் கட்டிலுக்குமாக ஓடினாள். பாதரசம் ஒருவழியாகக் கோட்டைத் தாண்டியபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டே எழுந்துவிட்டது.

மதியம் கண் திறந்தார். சுற்றி நின்ற கண்டமங்கலம் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். “மோட்டார நிறுத்துனீங்களா இல்லியா?” என்றார்.

அடப் பாவி மனுஷா! அக்கா சிரித்தாளா அழுதாளா என்றே தெரியவில்லை. தாய்மாமன் மெல்ல வெளியே நழுவினார். சாயங்காலம், நன்றாக விழுங்குகிறார் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, அதே பாலில் டீ போட்டுக் கொடுத்தோம். சர்க்கரை பத்தவில்லை என்றார். வீட்டுக்குப் போகும்போது அக்கா ஒரு பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் எத்தனையோ மார்கழி பார்த்தார், ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக. பேத்தி கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். இப்போது அக்கா மகன் படுத்த இடத்திலிருந்தே செல்போனில் மோட்டார் போடுகிறான். பூத் போயிற்று, பாதரசம் போயிற்று, அந்த ஆஸ்பத்திரியும் போயிற்று.

பெரியவரும் போனார், தன் கட்டிலில், தூக்கத்தில். அன்றைக்கு முதல் போன் எனக்குத்தான். ஓடிப்போனால், சொந்தமெல்லாம் பால் தம்ளரோடு நிற்கிறது, அக்கா யாரையும் கிட்டே விடவில்லை.

“நீ தொட்டுப் பாத்து சொல்லு. அப்பறந்தான் ஊத்துவேன்.”

கம்பளிக்குள் கை வைத்தேன். உடம்பு வெதுவெதுப்பாகவே இருந்தது, இந்த முறை குளிரின் ஏமாற்று இல்லை. மூச்சும் நாடியும்தான் இல்லை. நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். பிறகுதான் அக்கா தம்ளரைக் கையில் எடுத்தாள்.