முப்பது எண்ணுவதற்குள்

ஹெல்லெவி குறி தவறாமல் சுடுவதால்தான் வேட்டைக் குழு அவளைத் தலைவியாக்கியது என்று ஆகஸ்டில் வந்த பத்திரிகைக்காரப் பெண் எழுதிவிட்டுப் போனாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பழைய தலைவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆயிற்று. அனுமதித் தாள், வரைபடம், நிலக்காரர்களின் கையெழுத்து, விழும் ஒவ்வொரு மானுக்கும் கணினியில் ஓர் அறிக்கை என்று அந்தப் பதவி முழுக்கத் தலைவலிதான். யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது பத்து ஆண்களும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்தார்கள்.

"எழுத்து வேலைக்குப் பொம்பளைங்கதான் சரி," என்றான் ரைமோ. நாற்பது வருடம் மர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், குழுவிலேயே மூத்தவன். "நம்ம ஹெல்லெவி செய்யட்டும். நர்ஸம்மா கையெழுத்து நல்லாருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். பதினெட்டு வருடம் அதே வேட்டைக் குடிலின் அடுப்படியில் நின்று இந்த ஆண்களுக்கு சூப் காய்ச்சிய பிறகு, நாற்பத்தெட்டாவது வயதில் வேட்டைத் தேர்வு எழுதித் துப்பாக்கி எடுத்தவள் அவள். இப்போது ஐம்பத்தாறு. இந்த வட்டாரத்தில் இந்த வருடம் தேர்வுக்கு வந்தவர்களில் பாதிக்குப் பாதி பெண்கள். குழுவிலும் அவளைச் சேர்த்து நான்கு பேர். பத்திரிகையில் படம் வந்ததும் ஊர் மெச்சியது. அந்த மெச்சலுக்கு நின்று பதில் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அவளுடைய பிழைப்பு அப்படி. வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு வரும் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் காரோட்டம். வீட்டில் புருஷன் தவுனோவுக்கு இடுப்பு வலி; சோபாவை விட்டு எழுந்தால் அதுவே பெரிய செய்தி. அக்டோபர் சனிக்கிழமைகளில் காட்டுக்குள் ஒரு மரத்தடியில் யாரும் கூப்பிடாமல் நான்கு மணி நேரம் நிற்கலாம். அதற்காகத்தான் அவள் வேட்டைக்கு வந்தாள். தலைவியான பிறகு அதுவும் போயிற்று. காதோரம் வாக்கி டாக்கி ஓயாமல் கரகரத்தது.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வாரம் இரண்டு பேர் விடுப்பு எடுத்ததில் அவள் இரட்டை வேலை பார்த்திருந்தாள். காலையில் குடிலில் இடம் பிரித்துக் கொடுத்தாள்.

"அம்மா தாயே, இன்னைக்கு எனக்கு எந்த மரம்?" என்றான் ரைமோ.

"பழைய மரந்தான். அங்க கரடி வந்தாலும் நீ குறட்டை விட்டே விரட்டிடுவே."

தன் இடமாக அவள் வைத்துக்கொண்டது வடக்குச் சரிவு. போன கோடையில் மரக் கம்பெனிக்காரர்கள் அங்கே நீர் வடிய ஒரு கால்வாய் தோண்டியிருந்தார்கள். அதை வரைபடத்தில் சிவப்பு மையால் வரைந்ததே அவள்தான்.

பத்து மணிக்கு வேட்டை நாய் குரைத்தது. பத்து நிமிடத்தில் பெண் மூஸ் மான் ஒன்று வந்தது, குதிரையைவிட உயரம். கால்வாயை ஒரே தாவலில் தாண்டி, திறந்த வெளியில் பக்கவாட்டாக நின்றது. கூடக் கன்று இல்லை. கன்றோடு திரியும் தாயைச் சுடக்கூடாது என்பது சட்டம். தனியாக வந்தாலும், பின்னால் கன்று வருகிறதா என்று முப்பது எண்ணிவிட்டுத்தான் விசையில் விரலை வைக்க வேண்டும் என்பது குழுவின் வழக்கம். புதிதாக வந்த மூன்று பெண்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தவள் ஹெல்லெவி.

அவள் பதினேழு வரை எண்ணினாள். மான் தலையைத் திருப்பியது. இது போய்விட்டால் இன்னொரு சனிக்கிழமை, இன்னொரு விடியற்காலை, இன்னொரு முறை இடம் பிரிப்பது என்று ஏதோ ஓடியது மனதில். சுட்டாள். மான் நாலடி நடந்து விழுந்தது.

அப்புறம் கன்று வந்தது. அதற்குக் கால்வாயைத் தாவத் தெரியவில்லை. கரையோரமாகவே நடந்து, குறுகலான இடத்தில் இறங்கி ஏறி, சேற்றுக் கால்களோடு வந்து தாயின் பக்கத்தில் நின்றது. மோந்து பார்த்தது. அந்தக் கால்வாயை மறந்ததற்கு ஹெல்லெவியிடம் எந்தச் சமாதானமும் இல்லை. தாயில்லாமல் அந்தக் கன்று பனிக்காலம் தாண்டாது. கன்றுக்கான அனுமதி ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் அவளே சுட்டாள்.

முதலில் வந்து சேர்ந்தது ரைமோ. பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். அவன் குனிந்து மடியைத் தொட்டுப் பார்த்தான். விரலில் பால், கன்றுள்ள தாய் என்பதற்கு அதுவே சாட்சி.

"சரி, எல்லாருக்கும் நடக்கிறதுதான்," என்றான். அவன் குரல் அவ்வளவு இதமாக இருந்து அவள் கேட்டதில்லை. "மடியை அறுத்துப் புதைச்சிடலாம். கன்னு தனியா வந்துச்சு, தாய் தனியா வந்துச்சு. யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

"நீ நம்ம ஆளு. நாங்க உன்னை விட்டுக் கொடுக்க மாட்டோம், ஹெல்லெவி."

எட்டு வருடமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை அது. ஒரு தலையசைப்புப் போதும், அவள் அவர்களில் ஒருத்தி ஆகிவிடலாம். போலீசுக்குச் சொன்னாலோ பத்திரிகையில் படம் வந்தவளின் பெயர் நாறும். பொம்பளை கையில் துப்பாக்கி கொடுத்தால் இதுதான் என்று மாவட்டமே பேசும். மற்ற மூன்று பெண்களையும் சேர்த்துப் பேசும். அந்த மூவரில் ஒருத்தியான சாய்யா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மடியை அறுக்கிறது உனக்கு எப்படித் தெரியும் ரைமோ?" என்று ஹெல்லெவி கேட்டாள்.

ரைமோ விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அவள் கைப்பேசியை எடுத்து, அங்கேயே நின்று போலீசுக்குச் சொன்னாள். பெயர், இடம், நேரம். முழுவதும் எண்ணவில்லை என்பதையும் சொன்னாள்.

ரைமோவின் முகம் சிவந்துவிட்டது. "பெரிய உத்தமி! உன் ஒருத்தியால நாங்க அத்தனை பேரும் இப்ப திருடனுங்க. அது புரியுதா உனக்கு?"

"புரியுது."

"புரிஞ்சும் செஞ்சியா?"

"முடியலை ரைமோ. இதையும் தலையில தூக்கிட்டு அலைய எனக்கு முடியலை."

போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். தாய் மானை அரசுக்கென்று ஏற்றிப் போனார்கள். நீங்களே சொன்னதால் பெரிதாக ஒன்றும் வராது, ஆனால் முடிவு வரப் பல வாரம் ஆகும் என்றார். அந்த வாரம் முழுக்கக் குழுவிலிருந்து ஒரு போன் இல்லை. ஹெல்லெவி ஆட்களைக் குளிப்பாட்டினாள், மாத்திரை எண்ணினாள், காரில் உட்கார்ந்து ரொட்டி தின்றாள். அழக்கூட வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை குடிலுக்குப் போனதும் வரைபடத்தை மேசையில் வைத்தாள். "இந்தாங்க. யாராவது எடுத்துக்கங்க. நீங்க சொன்ன இடத்துல நான் நிப்பேன், இல்ல வீட்டுக்குப் போவேன்."

ஒருவரும் தொடவில்லை. பகையாலா, அந்தத் தாள்களுக்குப் பயந்தா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"இடத்தைச் சொல்லு, ஹெல்லெவி," என்றாள் சாய்யா. "கால் வெறைக்குது."

சொன்னாள். ரைமோ அவள் பக்கம் திரும்பாமலே சதுப்போரத்து இடத்துக்குப் போனான்.

பதினொரு மணிக்கு வாக்கி டாக்கி கரகரத்தது. ரைமோ. "இங்க ஒரு தாய் நிக்குது. கிட்டத்துல. தனியாத்தான் தெரியுது."

காடு முழுக்கக் காத்திருந்தது.

"ஆனா எனக்கு நிச்சயமா தெரியலை. விடுறேன்."

எனக்குத் தெரியவில்லை என்று அந்த மனிதன் சொல்லி அந்தக் குழுவில் எவரும் கேட்டதில்லை. ஹெல்லெவி பட்டனை அழுத்தி, சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை, ஒரு வாரத்து அழுகை மொத்தமும் வந்தது. பட்டனில் விரல் இருந்ததால் பதின்மூன்று மரத்தடியிலும் அது கேட்டது; வேறு எவரும் குறுக்கே பேசவும் முடியவில்லை. விரலை எடுக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"முடிஞ்சுதா?" என்றான் ரைமோ. "அழுறதுன்னா பட்டனை விட்டுட்டு அழு, தாயே. எவ்வளவு நேரமா சொல்லணும்னு தவிக்கிறேன். அது உன் பக்கந்தான் வருது. பின்னால ரெண்டு கன்னு."