மாத்திரை போடாத வாரம்

படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற தொழிலாளியைக் குடிகாரன் என்று முடிவுகட்ட உங்களுக்கு எத்தனை நொடி ஆகும்?

எங்கள் பக்கத்து வீட்டு வெல்டரின் சூப்பர்வைசருக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. "காலையிலயே ஏத்திட்டு வந்துட்டியா?" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். வெல்டர் காபியைத் தாண்டி எதையும் தொட்டவர் இல்லை.

கம்பெனி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ரத்தம் கம்மி" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் மலம் கறுக்கும் என்றும் சொல்லிவைத்தார். அதனால் தார் மாதிரிக் கறுத்தபோது வெல்டர் பயப்படவில்லை. மாதக்கணக்கில் விழுங்கினார். முகம் மட்டும் காகிதமாக வெளுத்துக்கொண்டே போனது.

ஒரு வாரம் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. மனைவிதான் கேட்டார்.

"என்னங்க, இப்பவும் கறுப்பாதான் போகுதா?"

"ஆமா. இதெல்லாமாடி விசாரிப்ப?"

"மாத்திரையே போடலையே, அப்புறம் எது கறுக்குது? சட்டைய மாட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கறுத்தது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு வாய் வழியாகக் குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பக்கம் மெல்லிய ரத்தக்குழாய்கள் சிவப்புக் கோடுகளாகப் புடைத்து, ஓயாமல் கசிந்துகொண்டிருந்தன.

"இன்னொரு தடவை கேமராவை விட்டு, ஆர்கான் வாயுவும் கரண்டும் குடுத்துச் சுட்டு அடைக்கணும்" என்றார் டாக்டர்.

"ஆர்கானா? நானும் ஆர்கான் வெல்டிங்லதான் பொழைக்கிறேன் டாக்டர். மெல்லிசுத் தகடுல கொஞ்சம் அசந்தா ஓட்டை விழுந்துடும்."

"எனக்கும் அதே பயம்தான். ஆடாம படுங்க."

கதவு மூடியது. மனைவி உட்காரவில்லை. உள்ளே ஏதோ கருவி கூவும்போதெல்லாம் கதவருகே போனார், திரும்பினார். டாக்டர் வெளியே வந்ததும் எதிரே ஓடிப்போய் நின்றார்.

"ஓட்டை விழலம்மா. பாதி அடைச்சாச்சு. மிச்சத்துக்கு அடுத்த மாசம் வந்தே ஆகணும். விட்டா மறுபடி ரத்தம் போய், எங்கயாவது உயரத்துல நிக்கும்போது மயங்கி விழுவாரு."

வெல்டர் விடுப்புக் கேட்டார். "போறதுன்னா ஒரேயடியா போயிடு" என்றார் சூப்பர்வைசர். கூட வேலை செய்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இப்போது வெல்டரே, "தள்ளிப் போட்டுக்கலாமா?" என்று மனைவியிடம் கேட்கிறார்.

மிச்சத்தை அடைக்க வரும் வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அவருடைய முறை. நீங்கள் அந்தப் பட்டறையில் வேலை செய்கிறவர் என்றால், நாளைக் காலை அவரோடு சூப்பர்வைசர் அறைக்குள் போங்கள். வேறு இடத்துக்காரர் என்றால், அங்கேயும் ஒருவர் விடுப்புக்காகக் கைகட்டி நிற்பார். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள், அவருக்காகப் பேசுங்கள்.