எங்கள் ஜீப்புக்கு வந்த கண்டம்

எங்கள் ஜீப்பை யாராவது குறை சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நான் சொல்லலாம். நடு ரோட்டில் நின்று, அதன் பானட்டில் கையால் அடித்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறேன். அது எனக்கும் அதற்கும் உள்ள விவகாரம். மற்றவர்களுக்கு அதில் என்ன வேலை?

எண்பதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் முறுக்கு போட்டுக்கொண்டிருந்தோம். என் கணவர் மில்லில் பிட்டராக இருந்தவர். அங்கே நடந்த ஒரு விபத்தில் அவருடைய வலது கண் போயிற்று. கொஞ்ச காலத்தில் மில்லும் போயிற்று. முறுக்கு என் கைவேலை. அதை மாட்டுங்கா கடைகளுக்கும் செம்பூர் கடைகளுக்கும் கொண்டு போட, ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை ஏலக்காரன் ஒருவனிடமிருந்து அவர் ஓட்டை உடைசலாக வாங்கி வந்தார். மேலே இருந்த பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் வேறொரு பச்சை, அதற்கும் அடியில் மணல் நிறம். எத்தனை பேர் கை மாறி வந்ததோ தெரியாது.

ஒற்றைக் கண்காரருக்கு லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். டிரைவர் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. அதனால் நான் கற்றுக்கொண்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்த முதல் நாள், சந்தே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. ஒரு வாரம் பார்த்தார்கள், சலித்துப்போய் உள்ளே போய்விட்டார்கள்.

வண்டிக்கு இல்லாத வியாதி இல்லை. செல்ப் எடுக்காது. முன்னால் ஹேண்டிலைச் செருகி அவர் சுற்ற வேண்டும், நான் உள்ளே ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்திருக்க வேண்டும். இடது பக்கம் திருப்பினால் ஹார்ன் தானாக அடிக்கும். இரண்டாவது கியர் போட்டால் நிற்காது, நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். அதற்காக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கியர் கம்பியை முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டே வருவார். செம்பூர் போய்ச் சேருவதற்குள் ரேடியேட்டர் ஒரு தடவையாவது கொதிக்கும். முறுக்கு டின் ஒன்றில் எப்போதும் தண்ணீர் இருக்கும். ஒருநாள் அவசரத்தில் அந்த டின்னையே ஒரு கடையில் இறக்கிவிட்டு வந்துவிட்டோம். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, முறுக்கு ரொம்ப நமத்துப் போச்சே" என்றார்.

ஆனால் மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் இடுப்பளவு நிற்கும்போது யார் போனார்கள்? பளபளவென்று புதுக் கார்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நின்றன. என் கணவர் டிஸ்டிரிபியூட்டரை ரப்பர் ஷீட்டால் சுற்றிக் கட்டினார். நான் முதல் கியரில் ஒரே சீராக, நிற்காமல் போனேன். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் பிரேக் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். இடது காலைப் பிரேக்கின் மேல் லேசாக வைத்து, ட்ரம் சூடேறிக் காயும்வரை ஓட்டுவேன். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிரேக் பிடிக்காமல் ஒரு தடவை வாழைப்பழ வண்டியில் மோதியது சொல்லிக் கொடுத்தது.

கணவரின் அண்ணனுக்குத்தான் ஜீப்பைக் கண்டால் ஆகாது. அவருக்குத் தாராவியிலேயே மளிகைக் கடை. வருகிற போதெல்லாம் டயரை ஓர் உதை விடுவார்.

"ஏன்ல இந்த ஓட்ட டப்பாவக் கட்டிக்கிட்டு அழுத? பழைய இரும்பு எடுக்குத பங்கார்காரன்கிட்டத் தள்ளிட்டு என் கடையில வந்து நில்லு. பொண்டாட்டி வண்டி ஓட்ட, நீ பக்கத்துல உக்காந்து போறியே, ஊரே சிரிக்கி."

"ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும் பெரியத்தான்" என்றேன். "டயர மிதிக்காதீங்க. வண்டிக்கு வலிக்கும்."

சரக்கு ஏற்றுகிற வண்டி என்பதால் வருடத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. அதிகாரியிடம் காட்டிப் பாசிங் வாங்க வேண்டும். அந்த வருடம் வரிசையில் நின்று எங்கள் முறை வந்தபோது அதிகாரி வண்டிக்குள் கையை விட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டினார். அது கால் சுற்று சும்மாவே சுற்றியது. குனிந்து தரைத் தகட்டைப் பேனாவால் குத்தினார். பேனா அந்தப் பக்கம் போய்விட்டது. பிரேக் போடச் சொன்னார். வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது, ஹார்ன் வேறு அடித்தது.

"யே காடி கண்டம் ஹை" என்று சொல்லி, ஒரு தாளில் இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார்.

இந்த வண்டிக்குக் கண்டம் என்கிறார்! நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கண்டம் என்றால் எங்களுக்குத் தெரியாதா? எனக்கே பதினாறு வயதில் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் இருந்தது. ஒரு வருடம் கிணற்றடிக்கே விடவில்லை. வருடம் கழிந்தது, கண்டமும் கழிந்தது. ஆளுக்கு வருவது வண்டிக்கும் வரும்போல. மராத்திக்கார அதிகாரிக்கு நம் வார்த்தை எப்படித் தெரிந்தது என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

என் கணவர் பணிவாகக் கேட்டார்: "கித்னா தின் கா கண்டம், சாப்?"

எத்தனை நாளைக்குக் கண்டம் என்று அவர் கேட்டது அதிகாரிக்கு எப்படிப் புரிந்ததோ, தலையைத் தூக்காமலே, "பந்த்ரா தின். பந்த்ரா தின் மே புக் லேகே ஆவ்" என்றார். பதினைந்து நாள். அதற்குள் வண்டியின் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும்.

நாங்கள் சந்தோஷமாகத் திரும்பினோம். வெறும் பதினைந்து நாள்தானே!

பதினைந்து நாளும் வண்டியை ரோட்டில் இறக்கவில்லை. கண்டக் காலத்தில் வெளியே விடலாமா? முறுக்கை நான் டாக்சியிலும் ரயிலிலும் சுமந்தேன். அவர் சந்து முனையில் ஜீப்பை முட்டுக் கொடுத்து நிறுத்தி, மில்லில் தறியைப் பிரித்த மாதிரி பிரித்துப் போட்டார். கண்டம் கழியும்போது வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிரேக் ட்ரம் நான்கையும் கழற்றிக் கடைசல் பிடித்து வந்தார். ஸ்டீயரிங்கில் தேய்ந்த புஷ்களையெல்லாம் மாற்றினார். மாஹிம் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய் எங்கள் மாவட்டத்துக்காரர். அவர் வந்து தரையைத் தட்டிப் பார்த்தார்.

"இது தகடு இல்ல தங்கச்சி, அப்பளம்" என்றார். "மொத்தமா வெட்டி எடுத்துட்டுப் புதுசு வச்சுருவோம். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

இரண்டு நாள் அவருடைய வெல்டிங் வெளிச்சத்தில் சந்தே நீலமாக இருந்தது.

பத்தாவது நாள் மாட்டுங்காவில் எனக்கு வாடிக்கையான ஒரு மாமி வீட்டுக்கு முறுக்கு கொண்டு போனேன். மாமி அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஏன் ஜீப்பில் வரவில்லை என்று கேட்டார். கண்டம் என்றேன். மாமி சிரித்தார். கையோடு வைத்திருந்த அதிகாரியின் தாளை எடுத்துக் காட்டினேன். படிக்கப் படிக்க மாமியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏண்டிம்மா, இது நம்மாத்துக் கண்டம் இல்லடி. கண்டெம்ன்ட்னு எழுதியிருக்கான். வண்டி இனிமே எதுக்கும் உதவாதுன்னு அர்த்தம். பதினஞ்சு நாளைக்குள்ள புக்கைத் திருப்பிக் குடுத்துடணுமாம்."

எனக்கு முகம் எரிந்தது. மாமி மேல் கோபம், அதிகாரி மேல் கோபம், இங்கிலீஷ் மேல் கோபம். பத்து நாளாக ஒரு மனுஷன் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு நட்டு நட்டாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார், எதற்கும் உதவாத ஒன்றுக்கு!

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரை மட்கார்டு மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனும் அப்போது அங்கே இருந்தார். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேம்லா? குர்லாவுல பங்கார்காரன் ஒருத்தன் இருக்கான். நாளைக்கே வரச் சொல்லுதேன். நீ திங்கக்கெழம கடைக்கு வந்துரு. அவ வீட்டுல இருந்து பாக்கெட் ஒட்டட்டும்."

என் கணவர் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வண்டி போனால் வண்டி மட்டும் போகாது. அவர் அண்ணன் கடையில் பருப்பு நிறுப்பார். நான் கதவைச் சாத்திக்கொண்டு பாக்கெட் ஒட்டுவேன். அந்த ஸ்டீயரிங் எனக்கு வேண்டும். சயான் தாண்டிக் காற்று முகத்தில் அடிக்கும்போது, எங்கே திரும்புவது என்று நானே முடிவு செய்கிற அந்த நிமிஷம் எனக்கு வேண்டும். இதைச் சொல்ல எனக்கு அப்போதும் வெட்கமில்லை, இப்போதும் இல்லை.

"யாரும் வர வேண்டாம் பெரியத்தான்" என்றேன். "அந்த ஆபீசர் சொன்னது இங்கிலீஷ் கண்டம். நாங்க கேட்டது தமிழ்க் கண்டம். தமிழ்க் கண்டத்துக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"பைத்தியமாட்டி ஒனக்கு?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தேன். "ஏங்க, இந்தச் சக்கரத்த மாட்டுங்க. பாதியில வுட்டா எப்பிடி?"

அவர் ஸ்பேனரைத் துடைத்தார். பிறகு எழுந்தார்.

ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது, இரண்டாவது கியரைத் தவிர. அதற்கு வேண்டிய சாமான் பம்பாய் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பதினைந்தாவது நாள் காலையில் அதே வரிசையில் போய் நின்றோம். அதிகாரி புக்கை வாங்கக் கையை நீட்டினார். பிறகுதான் வண்டியைப் பார்த்தார்.

"யே தோ கண்டம் தா!" இது கண்டம் ஆன வண்டியாச்சே என்றார்.

"கண்டம் கதம் ஹோ கயா, சாப்" என்றேன். "பந்த்ரா தின் ஹோ கயா."

கண்டம் கழிந்துவிட்டதாம்! வரிசையில் நின்ற டெம்போக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அனுப்பினால் போவதில்லை என்றும் நினைத்தேன். ஆனால் அவர் குனிந்து தரையைப் பேனாவால் குத்தினார். டங்கென்று சத்தம் வந்தது. இன்னோர் இடத்தில் குத்தினார், அங்கேயும் டங். ஸ்டீயரிங்கை ஆட்டினார். சக்கரம் கூடவே அசைந்தது. வண்டிக்கு அடியில் தலையை விட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து, "டிரைவர் கோ புலாவ்" என்றார், டிரைவரைக் கூப்பிடு என்று.

நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லைசென்ஸை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கணவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஏறிக்கொண்டார். அவருடைய முழங்கால் கியரை முட்டுக் கொடுக்குமா? இரண்டாவது கியருக்கு மாற்றிவிட்டு, கம்பியை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன்.

"ஹாத் க்யோன் நஹி ஹடாதா?" என்றார். கையை ஏன் எடுக்கவில்லையாம்.

"ஆதத் ஹை, சாப்" என்றேன். பழக்கம்.

"பிரேக்!" என்று திடீரென்று கத்தினார். இரண்டு காலையும் இறக்கினேன். வண்டி அப்படியே நின்றது. இடமும் இழுக்கவில்லை, வலமும் இழுக்கவில்லை. அதிகாரியின் தொப்பிதான் முன்னால் போய் விழுந்தது. ஹார்ன் அடிக்கவில்லை.

இறங்கி மேஜைக்குப் போய் எழுதினார். ஒரு வருடத்துக்குக் கொடுக்கவில்லை, ஆறு மாதத்துக்குக் கொடுத்தார். என் கணவர் கும்பிட்டார். நான் தாளைப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் என் கணவர் பெயர் எப்படி இருக்கும் என்று ரேஷன் கார்டில் பார்த்துப் பார்த்துத் தெரியும். சொந்தக்காரர் பெயர் எழுதிய இடத்தில் அது இருந்தது, சரி. கீழே, என் லைசென்ஸ் நம்பரை எழுதியிருந்த வரியில், சோதனைக்கு ஓட்டிய டிரைவர் யார் என்ற இடத்திலும் அதே பெயர் இருந்தது.

"யே நாம் கலத் ஹை, சாப்" என்றேன். "காடி மைனே சலாயா." பெயர் தப்பு, வண்டியை ஓட்டியது நான்.

"ஏக் ஹி பாத் ஹை" என்று சொல்லிக் கையை வீசினார். இரண்டும் ஒன்றுதானாம்.

"ஏக் பாத் நஹி ஹை."

தாளை நான் வாங்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன. கிடைத்த பாசிங்கையும் கெடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று யாரோ தமிழிலேயே சொன்னது காதில் விழுந்தது. அதிகாரி என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்தார், இவளை அழைத்துக்கொண்டு போ என்கிற மாதிரி.

என் கணவர் மேஜை மேல் குனிந்தார். கிரீஸ் போகாத விரலைத் தன் பெயரின் மேல் வைத்தார். "காட்டோ, சாப்" என்றார். வெட்டுங்கள்.

அதிகாரி வெட்டினார். நான் என் பெயரை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.