மைக்கிடம் பொய் சொல்லத் தெரியாதவர்

ஒலிப்பதிவு அறையில் உட்காருவதற்கு முன் அந்த மீனவர் ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்து ஏசிக்கு நேரே பிடிக்கிறார். காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவருக்குப் பேச்சு வராது. அந்த அறையின் பொறியாளர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே, "இன்னிக்கு என்ன காத்துண்ணே?" என்று வம்புக்கு இழுக்கிறார்கள். "பொய்க் காத்து" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்கமாட்டார் என்பதால் கரையில் அவருக்கு நங்கூரம் என்று பெயர். தலைமுறை தலைமுறையாகக் கடலில் பிழைக்கும் கூட்டம். நீரின் நிறம், அலையின் போக்கு, மீன் திரும்பும் பருவம் என்று அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்து ஒரு செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில், மீன் கூடும் கடலடிப் பாறைகள் குடும்பச் சொத்து. படகிலிருந்து பார்த்தால் கரையில் எந்த அடையாளம் எதன் பின்னால் மறைகிறது என்பதுதான் பாறைக்கு முகவரி. வெளியாள் கேட்டால் ஓர் அடையாளத்தை மாற்றிச் சொல்வார்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நங்கூரமோ நீரோட்டத்தைப் பற்றிப் பேசுகிற வேகத்தில், மனைவியின் அண்ணனுடைய பாறையை அடையாளம் பிசகாமல் அப்படியே சொல்லித் தொலைத்துவிட்டார்.

"ஆள் எதிர்ல நின்னா பொய் தானா வந்துரும். மைக்கைப் பாத்து எப்படிப் பொய் சொல்றது?" என்பார் பின்னால்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. இயந்திரம் அதைக் கற்றுவிட்டால் கண்ட படகும் அங்கே போய் நிற்கும். மச்சான் பிழைப்பில் மண் விழும். மறுநாள் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். பெண் பொறியாளர் ஒருத்தி தேடிப் பார்த்துவிட்டு, "இன்னும் மெஷினுக்குக் குடுக்கலண்ணே. பதிவை நீங்க கேட்டு, சரின்னு சொல்லாம எதுவும் உள்ள போகாது" என்றாள். அவர் கண் முன்னாலேயே அழித்தாள். போன உயிர் திரும்பி வந்தது நங்கூரத்துக்கு.

"எதுக்கும் இன்னொரு தடவ அழிச்சிரும்மா" என்றார்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. நேரே மச்சானிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மச்சான் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டே கேட்டார். "அடுத்த தடவ நானும் வர்றேன்" என்றார், அவ்வளவுதான். சண்டைக்கா சமாதானத்துக்கா என்று கேட்க நங்கூரத்துக்குத் தைரியம் வரவில்லை.

சொன்னபடி வந்தார். பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நங்கூரம் வார்த்தைக்கு வார்த்தை அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். மழைக்கு முன்னால் கடல் எப்படி மணக்கும் என்றொரு கேள்வி வந்தது. நங்கூரம் பதில் சொல்லி முடிப்பதற்குள் மச்சான் தலையை ஆட்டினார்.

"அது அப்படி இல்ல மாப்ள."

கட்டிய கையைப் பிரித்து, மைக்கை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.