தேருக்குப் போன மரம்

மலாயாவில் லாபிஸ் ஊருக்கு உட்புறம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பழைய ரப்பர் ஸ்டோரைப் பிரித்தபோது எனக்கு ஏழு வயதிருக்கும். புது ஸ்டோர் இரும்பும் தகரமுமாக எழும்பிவிட்டது. பழையதைத் தாங்கி நின்ற, செங்கால் என்ற காட்டு மரத்து உத்தரங்கள் மழையில் கிடந்தன. கறையான் பல் படாத மரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். துரைக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, அதைக் கூலிகளே எதற்காவது எடுத்துக்கொள்ளட்டும் என்று ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் சொல்லிவிட்டார். கேட்காமல் ஒரு பொருள் கைக்கு வந்து பழக்கமில்லாத ஜனங்கள் நாங்கள். அதனால் பேச்சும் நிறைய நடந்தது.

அப்பாவுக்குத் தேர் வேண்டும். கோயில் காரியங்களை முன்னின்று பார்த்தவர் அவர். பக்கத்துத் தோட்டத்தில் தேர் ஓடும்போது நம் மாரியம்மன் மட்டும் ஆள் தோளில் பலகையேறி வருகிறாளே என்பது அவருக்கு வருஷா வருஷம் குறை. தேர் செய்யும் கையும் எங்கள் குடும்பத்திலேயே இருந்தது. அப்பாவின் தங்கையைக் கட்டிய என் மாமாதான் தோட்டத்துத் தச்சர். ரப்பர் பெட்டிக்கு ஆணி அடித்தும் லயத்துக் கதவுகளுக்கு ஒட்டுப் போட்டுமே அவர் நாள் போய்க்கொண்டிருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அப்போதுதான் அத்தை வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. அம்மனுக்கு என் கையால் ஏதாவது செய்கிறேன் என்று மாமா வேண்டிக்கொண்டிருந்தார்.

அத்தை மட்டும் பாலம் கேட்டாள்.

ரப்பர் பால் வெட்டும் புதுக்காடு, சுங்கை என்று நாங்கள் சொல்லும் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அதைக் கடக்க, விழுந்த மரம் ஒன்றை யாரோ குறுக்கே தள்ளிவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். தோளில் காண்டாக் கம்பு, அதன் இருபுறமும் பால் வாளி. அப்படியே பெண்கள் அந்த ஒற்றை மரத்தின் மேல் நடந்து வரவேண்டும். மழைக்காலத்தில் அதில் பாசி பிடித்துவிடும்.

கோயில் முன்னால் எல்லோரும் கூடியிருந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை எழுந்தாள். "அண்ணே, அந்த மரத்துல சுங்கைக்கு ஒரு பாலம் போட்டுடலாமே."

"பாலம் போட வேண்டியது தோட்டத்தோட வேலை," என்றார் அப்பா. "அவங்க காட்டுக்குப் போயி அவங்களுக்குப் பால் எடுத்துட்டு வர்றதுக்கு நம்ம மரமா?"

"நடக்கிறது நாமதானே அண்ணே?"

யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "கப்பலேறி வந்த நாள்லேருந்து நம்மதுன்னு சொல்ல இங்க என்ன இருக்கு? படுக்கிற லயம் தோட்டத்தோடது. வெட்டுற கத்தி தோட்டத்தோடது. தேர் ஒண்ணு நின்னா அது நம்மது."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்றும் எனக்குப் படுகிறது. அத்தை சொன்னதற்குத் தலையாட்டிய பெண்களே இதற்கும் தலையாட்டினார்கள். அத்தை மாமாவைப் பார்த்தாள்.

"வேண்டுதல் இருக்கு புள்ள," என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு. "முதல்ல தேர முடிச்சுடறேன். மிச்ச மரத்துல உனக்குப் பாலம் போட்டுத் தரேன்."

மரம் மிஞ்சவில்லை. சக்கரங்களே பாதியைத் தின்றுவிட்டன. எனக்கு அதெல்லாம் கவலையில்லை. பள்ளிக்கூடம் என்ற பெயரில் இருந்த கொட்டகையிலிருந்து நேரே மாமாவின் பட்டறைக்கு ஓடிவிடுவேன். மாமா ஒரு சிங்கத்துக்கு முகம் செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பேசிச் சிரித்து வேலை செய்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அத்தை தேநீர் கொண்டுவந்து வைப்பாள். சிங்கத்தைப் பார்க்காமல், குறைந்துகொண்டே போகும் மரக்குவியலைப் பார்த்துவிட்டுப் போவாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் காலையில், புதுக்காட்டிலிருந்து நிறை வாளிகளோடு திரும்பிய அத்தை அந்த ஒற்றை மரத்தின் நடுவில் வழுக்கி விழுந்தாள். பால் கலந்து சுங்கை வெள்ளையாக ஓடியது என்று பெண்கள் சொன்னார்கள். சாக்கைக் கம்பில் கட்டி அவளைத் தூக்கி வந்தார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிள்ளை எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். சாமிகிட்ட போயிடுச்சு என்றாள்.

மாமா தேரை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அம்மன் கோபம் இன்னும் ஏறும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்க வேண்டும். பாதியில் கிடந்த சிங்கத்தை மட்டும் அப்படியே பொருத்திவிட்டார். ஒரு பக்கம் முகம் இருக்கும், மறுபக்கம் வெறும் மரம்.

தேர் ஓடியது. அழகாகத்தான் இருந்தது, அதை மறைத்துச் சொல்ல முடியாது. பல தோட்டத்து ஜனங்கள் வடம் பிடித்தார்கள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் நடந்தார். சாமியிடம் போன பிள்ளை சாமியோடு தேரில் வருமென்று நான் பூமாலைகளுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தேன். அத்தை வீட்டைவிட்டு வரவில்லை. தீட்டு என்றார்கள். தீட்டெல்லாம் எப்போதோ கழிந்திருந்தது.

திருவிழா முடிந்ததும் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"மச்சான், தேரப் பிரிச்சுடறேன். பாலத்துக்கு ஆகும்."

அப்பா பதறிவிட்டார். "அம்மன் ஏறின தேரு மாப்பிள்ள! அத மிதிச்சுக்கிட்டு பொம்பளைங்க நடக்கணுங்கிறியா?"

மாமா வாசலிலிருந்தே திரும்பிப் போனார். கிராணியிடம் பலகை கேட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்களாம். மூங்கில் வெட்டிக் கைப்பிடி கட்டினார். அடுத்த வெள்ளத்தில் அது போயிற்று.

அந்த மழைக்காலத்தில், மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பொறுக்க அம்மா என்னையும் புதுக்காட்டுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினாள். சுங்கைக்கு வந்தால், மாமா மார்பளவு தண்ணீரில் அந்த ஒற்றை மரத்தை ஒட்டி நிற்பார். பெண்கள் ஒவ்வொருவராக மேலே நடந்து வருவார்கள். மாமா நீட்டிய கையைச் சிலர் பிடித்துக்கொள்வார்கள், சிலர் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். அத்தை கடைசியில் வருவாள். அந்தக் கையை அவள் பார்க்கவே மாட்டாள். இரண்டு வாளிகளையும் ஆடாமல் பிடித்தபடி, நேரே பார்த்து நடந்து கரையேறிவிடுவாள். மாமா அவளுடன் அடிக்கு அடி தண்ணீருக்குள் நடந்து வருவார். அவள் ஏறிய பிறகுதான் கையை இறக்குவார்.

எனக்கு அவர் கை மட்டும்தான் கண்ணில் பட்டது. ஏதோ பிடிக்கப் பார்க்கிறார், நழுவிப் போகிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

"மாமா, மீன் கிடைச்சுதா?" என்று மேலிருந்து கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தப் பார்த்தாள். மாமா நிமிர்ந்து பார்த்தார். உதடெல்லாம் குளிரில் வெளுத்திருந்தது.

"இல்ல பாப்பா. இன்னும் கிடைக்கல."

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இதை அவரிடம் சொன்னேன். மாமா பாவம், தினமும் சுங்கையில் நிற்கிறார், அத்தை போகிற வரைக்கும் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறார், ஒரு மீனும் சிக்கவில்லை என்றேன். அப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கையைக் கழுவினார். அன்றைக்குக் குழம்பு வெறும் பருப்புக் குழம்பு. மீன் பேச்சை எடுத்து அவருக்கு ஆசை காட்டிவிட்டேன், அதனால்தான் சோறு இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தட்டில் மிச்சமிருந்ததை நான் சாப்பிட்டேன்.